தூங்காமல் ஒரு மணி நேரம்

மாத்திரையை விழுங்கியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து. வேலுத்தாய் தன் கைபேசியிலும் ஒரு தடவை பார்த்தாள், அதில் மூன்று பன்னிரண்டு என்று இருந்தது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடுவே மூன்று பதினொன்று என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே நீள நடையில் இரும்பு நாற்காலிகள், நாலு நாலாக ஒரே கம்பியில் கோத்தவை, ஒருவர் அசைந்தால் மற்ற மூவரும் ஆடுகிற மாதிரி. மகள் நாகஜோதி சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, பெருவிரல் மட்டும் தனியாக மேலே நிமிர்ந்து, மற்ற நாலு விரலும் தரையைக் கவ்வப் போகிறது போல மடங்கியிருந்தது. வெயில் தாழ ஆரம்பித்தால் அந்தக் கால் இப்படித்தான், ஒன்பது வருசமாக இப்படித்தான். நர்ஸ் வந்து நின்றாள். "ஒரு மணி நேரம் இங்கயே இருக்கணும். அந்த விரலைப் பாத்துக்கிட்டே இருங்க. லேசா மாறுனாலும் மணி என்னன்னு பாத்து வச்சு எங்கிட்ட சொல்லணும். நாலரைக்கு டாக்டர் கிளம்பிருவாங்க. முக்கியமா பாப்பா தூங்கக் கூடாது, ஒரு பொட்டுத் தூக்கம்கூட." வேலுத்தாய் சரிங்க சிஸ்டர் என்றாள். ஏன் தூங்கக் கூடாது என்பதை உள்ளே டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். தூங்கினாலே இந்தக் கால் சரியாகிவிடும், அப்புறம் மாத்திரையால் சரியானதா தூக்கத்தால் சரியானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது. மாத்திரையால் சரியானால் அந்த வியாதிதான், வயசானவர்களுக்கு வருகிற கைநடுக்க வியாதி, பார்கின்சன் என்று பேர், அபூர்வமாக இளசுகளுக்கும் வருமாம், வந்தால் போகாதாம், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுமாம். மாத்திரை கேட்காவிட்டால் அது இல்லை. அது இல்லாவிட்டால் பழையபடி ஒன்றுமில்லை, பழையபடி மனசு, பழையபடி நடிப்பு. இந்த இரண்டில் எதைக் கொடு என்று சாமியிடம் கேட்பது. வேலுத்தாய்க்குக் கேட்க வாய் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கை வைத்தால் கை தெரிகிறது, கன்னம் தெரியவில்லை.

"அம்மா, கண்ணைச் சொருகுது" என்றாள் ஜோதி. தூங்காத, தூங்காத என்று வேலுத்தாய் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள், நாலு நாற்காலியும் ஆடின. "பேசு. எதாச்சும் பேசு." "என்னத்தப் பேச. வீட்டுல நீதான பேசுவ, நான் கேப்பேன்." "சேவுக்கடைக் கதை சொல்லு." "அங்க என்ன கதை இருக்கு, பாக்கெட் போடுறதுதான். காலைல நூறு பாக்கெட் போடுறவ மத்தியானத்துக்கு மேல இருபது போடுறேன். முதலாளியம்மா கேக்குறாங்க, ஏம்மா ஜோதி, ஒன் கைக்கும் மத்தியானச் சாப்பாடு போட்டுத் தூங்க வச்சிட்டியான்னு." அவள் சிரித்தாள். சிரிப்பு தொண்டையில் மட்டும் வந்தது, முகத்துக்கு வரவில்லை. முகம் வெள்ளையடித்த சுவர் போல அப்படியே இருந்தது. இந்த முகத்தை வைத்துத்தான் சொந்தக்காரர்கள் உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்தார்கள், வேலுத்தாயும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், வந்தவங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சா வாய் வலிக்குமாடி என்று. டாக்டரம்மா இன்றைக்கு அந்த முகத்தை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு எதையோ எழுதினார். முகத்தைப் பார்த்து என்ன எழுத முடியும் என்று வேலுத்தாய் அப்போது நினைத்தாள். எழுத முடியும் போல. ஜோதியின் இமை மறுபடியும் தாழ்ந்தது. காலையில் சாத்தூரிலிருந்து பஸ் ஏறியபோதுகூட அவள் வழக்கம்போல அம்மா மடியில் தலை சாய்க்க வந்தாள், வேலுத்தாயும் வழக்கம்போல முந்தானையை மடித்து விரித்தாள், நாலு ஊர் தள்ளித்தான் ஞாபகம் வந்தது, போனில் பேசிய ஆஸ்பத்திரிப் பையன் இன்றைக்குப் பகலில் தூங்க விடாதீங்க என்று சொன்னது. எழுப்பி உட்கார வைத்தாள். பிள்ளையைத் தூங்காமல் வைத்திருப்பது அவளுக்குப் பழக்கமே இல்லை. தூங்க வைத்துத்தான் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் என்றால் முந்தின நாள் எட்டு மணிக்கே படு படு என்று விளக்கை அணைப்பாள், காலையில் ஐந்து பத்து பஸ்ஸில் ஏறியதும் மடியில் போட்டுக்கொள்வாள், போற இடத்தில் நின்று நின்று களைத்துப் போவாளே, முக்கால் மணி நேரமாவது தூங்கட்டும் என்று. ஜன்னல் காற்று பிள்ளை காதில் அடிக்காமல் ஒரு கையை வைத்து மறைத்துக்கொள்வாள். அந்தக் கை. அந்த மடி. இப்போது அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

முதல் டோக்கன். ஒன்பது வருசத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் வேலுத்தாய் முதல் டோக்கன்தான் வாங்குவாள், அதில் அவளுக்கு ஒரு கெத்துகூட உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலுக்கு உதவியாளர் வேலை, ஒன்பதரைக்கு அரிசி உலையில் விழவில்லையென்றால் அமைப்பாளர் டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதனால் ஆறரைக்கே பார்க்கிற டாக்டர்களாகத் தேடிப் போவாள், வாசலில் செருப்பு விடுகிற முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். பதினேழு வயசில், பன்னிரண்டாவது படிக்கும்போது, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் இடது செருப்பு நழுவி விழுந்துவிட்டது, அவளுக்குத் தெரியவே இல்லை, ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு விழுந்தது அடி. எருமை, கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னுகூடத் தெரியாதா. அதற்குப் பிறகு வார் வைத்த செருப்பு, அதற்குப் பிறகு சாயந்தரம் காலை இழுக்கிறாள் என்று எலும்பு டாக்டர். முதல் டோக்கன். பஸ்ஸில் தூங்கி எழுந்த பிள்ளை குதித்து இறங்கி முன்னால் நடந்தாள். டாக்டர் நடக்கச் சொன்னார், நடந்தாள், குதிகாலில் நிற்கச் சொன்னார், நின்றாள், படம் எடுத்தார், எலும்பு நல்லா இருக்கும்மா, சுண்ணாம்புச் சத்து மாத்திரை தர்றேன். அடுத்தவர் ரத்தம் கம்மி என்றார். அதற்கடுத்தவர், அவரும் ஏழு மணிக்கே பார்க்கிறவர்தான், பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலுத்தாயிடம் தனியாகச் சொன்னார், இது உடம்பு இல்லம்மா, மனசு, வயசுப் பிள்ளை, ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க. அவர் சொல்லி அனுப்பிய மனநல டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், அதைத் தின்ற எட்டு நாளில் பிள்ளை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டாள், தட்டிலிருந்து வாய்க்குச் சோறு போக ஒரு யுகம் ஆனது. வேலுத்தாய் யாரையும் கேட்காமல் அந்த மாத்திரையைக் கோழி கிளறுகிற குப்பையில் கொட்டினாள், அப்புறம் கோழி தின்றுவிடுமோ என்று பயந்து பொறுக்கிச் சாக்கடையில் போட்டாள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. படிக்காதவள் டாக்டர் மருந்தைத் தூக்கிப் போட்டாள் என்று சத்தம் போடுவார்களே. எட்டாவதோடு நின்றவளுக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டால் போதும் என்று இருக்கும். ஒரே ஒரு தடவை, எலும்பு டாக்டரிடமா ரத்த டாக்டரிடமா, தானாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். சாயந்தரம் ஆனா ஒரு வேலை செய்ய மாட்டா சார், ஒரே சோம்பேறித்தனம். டாக்டர் சிரித்தார். பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மணி மூன்று முப்பத்தைந்து. விரல் அப்படியேதான் இருந்தது. எதிர் நாற்காலியில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவரின் வலது கை, காசை உருட்டுகிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டே இருந்தது, வாயோரம் எச்சில். மனைவி துண்டால் துடைத்துவிட்டு, துடைத்த கையோடு வேலுத்தாயைப் பார்த்தாள். "யாருக்குத்தா? ஒனக்கா, மகளுக்கா?" என்று கேட்டாள். "எனக்குத்தான்" என்றாள் வேலுத்தாய். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வாய் முந்திக்கொண்டது. "ஒனக்கு என்ன செய்யுது?" "நடக்க மாட்டேங்குது." "நல்லாச் சொன்ன போ. ரெண்டு மணி வாக்குலதான கீழ டீ வாங்கப் போறேன்னு படியில தடதடன்னு எறங்குன? நான் லிப்டுக்கு நிக்கிறேன், நீ எனக்கு முன்னால மேல வந்து நிக்கிற." ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். "எங்கம்மாவுக்கு மாத்திரை போட்டா அப்பிடித்தான் பாட்டி, யாரும் பிடிக்க முடியாது." பாட்டிக்குப் புரிந்துவிட்டது, கண் மெதுவாக ஜோதியின் காலுக்குப் போனது, அங்கே நின்றது, திரும்பி வேலுத்தாயின் முகத்துக்கு வந்தது. அப்புறம் அவள் பெரியவரின் சட்டைப் பொத்தானைச் சரி செய்ய ஆரம்பித்தாள். வேலுத்தாய் அந்தக் கையைப் பார்க்கக் கூடாது என்று கடிகாரத்தைப் பார்த்தாள், கடிகாரத்தின் விநாடி முள்ளும் துடித்துத் துடித்துத்தான் போயிற்று. எழுபது வயசுக் கை அது. ஜோதிக்கு இருபத்தாறு. இருபத்தாறிலிருந்து எழுபதுக்கு எத்தனை என்று கழித்துப் பார்க்கப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள். ஜோதி கொட்டாவி விட்டாள். "ஏத்தா, எந்திரிச்சு நில்லு கொஞ்சம்." "நின்னா கால் வலிக்குதும்மா, விரலு நறுக்கு நறுக்குன்னு இழுக்குது." "அப்ப கிள்ளட்டுமா?" "கிள்ளு, ஒனக்குத்தான் அது கைவந்த கலையாச்சே." கிள்ளினாள். பலமாகக் கிள்ள வரவில்லை.

கல்யாணம் பண்ணி வையுங்க என்று டாக்டரே சொன்ன பிறகு என்ன யோசனை. முதலில் வந்தவர்கள் ராஜபாளையத்துக்காரர்கள், நல்ல நேரம் நாலரையிலிருந்து ஆறு என்றார்கள், சாயந்தரம் வந்தார்கள். ஜோதி காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள், தட்டு தந்தியடித்தது, இடது கால் பின்னாலேயே வந்தது. மாப்பிள்ளையின் அக்கா தட்டைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை, காலை மட்டும் பார்த்தாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் சொல்லி அனுப்பவில்லை. அடுத்த இடத்துக்கு வேலுத்தாய் உசாராகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாங்க என்றாள். பிள்ளையை எட்டரை வரைக்கும் எழுப்பவில்லை, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியதற்குப் போய்ச் சண்டை பிடித்தாள், என் மகள் தூங்குறா, அரை மணி நேரம் கழிச்சு அரைச்சா ஒன் சட்னி கெட்டா போகும். ஜோதி எழுந்து குளித்துப் பச்சைப் பட்டு கட்டி வந்து நின்றபோது யாராவது ஒரு குறை சொல்ல முடியுமா. நடந்தாள், கும்பிட்டாள், தட்டு ஆடவில்லை. பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொன்னார்கள். பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் அம்மா ஒரு சீப்புப் பழத்தோடு சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி வந்தாள், அது சாயந்தரம் ஆறு மணி. ஜோதி சேவுக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து கொண்டிருந்தாள், தெருமுனையிலிருந்து வீட்டுக்கு வர ஐந்து நிமிசம். அந்த அம்மாள் வாசலில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தாள். பழத்தைக் கொடுத்துவிட்டுத்தான் போனாள், மரியாதையான பொம்பளை. போகும்போது சொன்னாள், "ஏன்த்தா, காலைல ஒரு மகளும் சாயந்தரம் ஒரு மகளுமா வச்சிருக்க?" அந்த வார்த்தைக்காக வேலுத்தாய் அவளை எத்தனை நாள் திட்டித் தீர்த்தாள். அவள் சொன்னதை அப்படியே கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் சொல்லியிருந்தால். சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, தெரியும். காலையில் நன்றாக இருப்பாள், சாயந்தரம் இருக்க மாட்டாள் என்று தெரிந்துதானே பத்து மணிக்கு வாங்க என்றாள். தெரிந்துதானே மிக்சிக்காரியோடு சண்டை. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்க அந்தத் தெரிதல் உதவியது, டாக்டரிடம் போகும்போது அது எங்கே போயிற்று. அதை வியாதி என்று அவள் நினைக்கவே இல்லையே, பிள்ளையின் குணம் என்று நினைத்தாளே, சிலருக்குக் காலையில் தலைவலி, சிலருக்குச் சாயந்தரம் கோபம், அது மாதிரி. நினைக்கவில்லை என்றால் ஏன் மறைத்தாள். மறைத்தாள் என்றால் நினைத்திருக்கிறாள். அவள் மனசு இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பியது, கயிற்றின் நீளத்துக்கு மேய்கிற மாடு மாதிரி. இந்த மதுரை டாக்டருக்குக்கூட நேரம் வாங்கும்போது, வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் பார்ப்பாங்க என்று அந்தப் பையன் சொன்னதும், மூன்று தடவை போன் போட்டுக் கெஞ்சினாள். காலைல ஒரு டோக்கன் போட மாட்டீங்களா தம்பி, சாயந்தரம்னா பிள்ளை சோர்ந்து போயிரும் தம்பி. அந்தத் தம்பி மட்டும் சரி என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று கேட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சந்தோசமாகவே பஸ் ஏறியிருப்பார்கள்.

கைபேசி அதிர்ந்தது. மாமா. புருசன் சோலையப்பன் தண்ணி லாரி ஓட்டுகிறவன், அம்மாவின் கூடப் பிறந்த தம்பி, அவளுக்குத் தாய்மாமன், கட்டி இருபத்தெட்டு வருசம் ஆகியும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "என்னாச்சு, பாத்தாச்சா?" "இன்னும் கூப்பிடல மாமா." "காலைல போனது, இன்னுமா கூப்பிடல?" "கூட்டம் மாமா." வைத்துவிட்டாள். ஜோதி அவளைப் பார்த்தாள். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால், உள்ளே டாக்டரம்மா, வயசு முப்பத்தைந்துகூட இருக்காது, கண்ணாடி போட்ட முகம், ஜோதியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க விட்டுத் தன் போனில் படம் பிடித்தார். பேரைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார், முதல் நாகஜோதி முழு ஆளாக இருந்தது, பத்தாவது நாகஜோதி எறும்பாகிவிட்டது. அப்புறம்தான் அதைக் கேட்டார். "காலைல தூங்கி எந்திரிச்சதும் எப்படிம்மா இருக்கும்?" ஜோதி வேலுத்தாயைப் பார்த்தாள். வேலுத்தாய் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். "காலைல நல்லா இருக்கும் டாக்டர். கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே இருக்காது." "இதை முன்னால பாத்த டாக்டர்கள்ட்ட சொன்னீங்களா?" "கேக்கல டாக்டர்" என்றாள் ஜோதி. டாக்டரம்மா தலையை ஆட்டினார், யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லாமல். "அம்மா அப்பா சொந்தமா?" "ஆமா டாக்டர், தாய்மாமன்" என்றாள் வேலுத்தாய், எப்போதும் சொல்கிற அதே குரலில், வெளியே கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே கட்டினோம் என்கிற குரலில், சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் குரல் அந்த அறையில் எப்படி இருந்தது என்று அவளுக்கே கேட்டது. டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து இரண்டு வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி வைத்தார். "இது நீங்க, இது அவங்கப்பா. ரெண்டு பேருக்கும் இதால ஒண்ணும் ஆகாது, தெரியவும் தெரியாது. ரெண்டு புள்ளியும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்ந்தாத்தான் பிரச்சினை. சொந்தத்துக்குள்ள கட்டுனா அப்படிச் சேர வாய்ப்பு ஜாஸ்தி. இதுதான்னு நான் இன்னும் சொல்லல. மாத்திரை கேக்குதான்னு பாப்போம், கேட்டா ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பலாம்." மூன்றாவது வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்தார். இரண்டு கண் மாதிரி இருந்தது. அந்த ஒற்றைப் புள்ளி தன் உடம்பில் எங்கே இருக்கும் என்று வேலுத்தாய் அப்போதிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வருசம் கூடவே சாப்பிட்டிருக்கிறது, கூடவே உலை வைத்திருக்கிறது. ஜோதிக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயின, அப்போது எவ்வளவு அழுதாள். இப்போது அதை நினைத்தால் அழுகை வரவில்லை, வேறு ஏதோ வந்தது, அதற்குப் பேர் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மணி நாலு. நாலு ஒன்றும் இல்லை, சரியாக நாலு, இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில். பெருவிரல் இறங்கியிருந்தது. வேலுத்தாய் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாள், பிள்ளை பாதத்தைத் தூக்கி வைத்தாளோ என்னவோ. இல்லை. மடங்கிய நாலு விரலில் சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது, அப்புறம் அதற்கு அடுத்தது, பச்சைப்பிள்ளை தூக்கத்தில் கைப்பிடியைத் திறக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். ஜோதி தூங்கவில்லை, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இந்த நடையில் இந்த நிமிசம் இது வேலுத்தாய்க்கு மட்டும்தான் தெரியும். எழுந்து போய் நர்ஸிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அது வந்துவிடும். சொல்கிற வரைக்கும் வெளியே நிற்கும், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. இன்னும் ஒரு நிமிசம் நிற்கட்டும். வாயைத் திறக்கலாம் என்று நினைத்தாள், வாய் தன் பாட்டுக்கு மூடிக் கிடந்தது. ஐந்து வயசில் இந்தப் பாதத்துக்கு மருதாணி வைத்துவிட்டு விரலுக்கு ஒரு தொப்பி போட்டதெல்லாம் ஞாபகம் வரவேண்டிய நேரம், ஞாபகம் வந்தது, யாரோ ஒருத்தி வீட்டில் நடந்தது போல வந்துவிட்டுப் போயிற்று. பாதம் நேராகிக்கொண்டிருந்தது. அழகான பாதம். சாயந்தர வெளிச்சத்தில் அந்தப் பாதத்தை நேராக அவள் பார்த்து எத்தனை வருசம். சந்தோசமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சந்தோசம் மாதிரிதான் இருந்தது. அதுதான் வியாதி. எதைப் பார்த்து நெஞ்சு குளிர வேண்டுமோ அதுதான் வியாதியின் அத்தாட்சி. நாலு மூன்று. நாலு ஐந்து. பெரியவரின் மனைவி இவளைப் பார்த்தாள், ஜோதியின் காலைப் பார்த்தாள், தன் புருசன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் ஜோதி. "ம்." "விரலு இழுக்கல." வேலுத்தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். "அம்மா, இங்க பாரேன், இழுக்கவே இல்ல. நீ பாத்தியா?" "இல்லத்தா" என்றாள் வேலுத்தாய். ஜோதி செருப்பைத் தேடவில்லை, வெறும் காலோடு எழுந்தாள், எழுந்த வேகத்தில் நாலு நாற்காலியும் ஒரு குலுக்குக் குலுங்கின. இரண்டு அடி வைத்துப் பார்த்தாள், நின்றாள், திரும்பி அம்மாவைப் பார்த்தாள், முகத்தில் வாயோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பு வழி கண்டுபிடித்து வருகிற மாதிரி. "நான் அங்கன வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றாள். நடந்தாள். இடது கையும் கூடவே வீசியது. நடையின் கோடியில் எக்ஸ்ரே அறைப் பக்கம் வளைவு இருந்தது, அங்கே திரும்பி மறைந்துவிட்டாள். வேலுத்தாய் எழவில்லை. எழுந்திருக்கச் சொல்லி உடம்புக்குச் சொன்னாள், அது இரு இரு என்றது. அறைக்கதவு திறந்தது, டாக்டரம்மா தோள்பையோடு வெளியே வந்தார், பின்னால் நர்ஸ். "என்னம்மா, எதாவது மாற்றம் தெரியுதா?" என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று சொல்லலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது, ஒன்பது வருசமாக எல்லா டாக்டரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை, வேற ஏதாவது இருக்காம்மா என்றால் இல்ல சார். சொன்னால் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடலாம். "இருக்கு" என்றாள். "எப்ப இருந்து?" "நாலு மணியில இருந்து." டாக்டரம்மா சுவரைப் பார்த்தார், நாலு பதினேழு. "இப்பத்தான சொல்றீங்க?" "நாலு மணிக்குப் பாத்தேன் டாக்டர். பாத்துட்டுச் சொல்லல." பிறகு, யாரும் கேட்காமலே, அவள் வாயிலிருந்து மற்றதும் வந்தது. "காலைல நல்லா இருப்பான்னும் எனக்குத் தெரியும். பஸ்ல தூங்க வச்சுத்தான் கூட்டிட்டுப் போவேன். எல்லா டாக்டரும் தூங்கி எந்திரிச்ச பிள்ளையத்தான் பாத்தாங்க." நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தோள்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து நாலு மணி என்று எழுதினார். எழுதிவிட்டு, "உங்க பொண்ணு எங்க போனாங்க?" என்றார். "நடந்து போயிருக்கா" என்றாள் வேலுத்தாய். மூன்று பேரும் வளைவைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக, இன்னொன்று பின்னால். வீட்டில் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் தெருவில் வருகிறது தன் மகள்தான் என்று வேலுத்தாய்க்குத் தெரியும், தரையில் அந்த ஒற்றைக் கால் இழுபடுகிற சத்தம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. இப்போது அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எல்லாமே நல்ல காலடிகளாக இருந்தன. அதில் எது ஜோதியுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.